மரமேறும் ஹார்னஸ் உடம்பை வருத்தினால்: வலிக்கும் இடத்தைக் கொண்டு குறையைக் கண்டறிதல்

கயிற்றில் தொங்கியபடி கிளை கழிப்பவர் ஒரு நாளில் பல மணி நேரம் தம் எடை முழுவதையும் சில அங்குல அகலமுள்ள பட்டைகளின் மேல் வைத்துத்தான் வேலை செய்கிறார். ஹார்னஸ் எனப்படும் அந்தப் பட்டைத் தொகுதி உடம்போடு பொருந்தாவிட்டால், கையிலிருக்கும் வாளின் மேல் இருக்க வேண்டிய கவனம் தொடை வலியின் மேல் போய்விடுகிறது. மரத்தின் மேல் கவனம் சிதறினால் என்ன நேரும் என்பதை இந்த வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஹார்னஸின் வசதியை நான் ஆடம்பரமாக எண்ணுவதில்லை. பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறேன்.

வலிக்கும் இடம் ஒன்றாகவும் குறையுள்ள இடம் வேறொன்றாகவும் இருப்பதே வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் என் இடுப்புப் பட்டை மேலேறி விலா எலும்பின் அடியில் அழுத்திக்கொண்டே இருந்தது. மெத்தை போதவில்லை என்று நினைத்து, இன்னும் தடித்த மெத்தை உள்ள புது ஹார்னஸ் ஒன்றை வாங்கினேன். அதிலும் அதே இடத்தில் அதே வலி. கூட வேலை செய்த மூத்தவர் ஒருவர் என்னைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தொடைப் பட்டையை இடுப்போடு இணைக்கும் முன்வாரை இரண்டு விரற்கடை அளவு இழுத்து இறுக்கினார். எடை தொடைக்கு இறங்கியது. பட்டை விலாவை விட்டுத் தானாகவே கீழே வந்தது. பழைய ஹார்னஸிலேயே அந்த வாரை இழுத்திருக்கலாம். இந்த வழிமுறையை எழுதத் தூண்டியது அந்த இரண்டு விரற்கடைதான்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

உறுதியான ஒரு தொங்குபுள்ளியில், கால் தரையை லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரத்தில் தொங்குங்கள். அருகில் ஒருவர் இருக்கட்டும். வேலைக்கு அணியும் அதே கால்சட்டை, அதே பாதணி, இடுப்பில் மாட்டும் அதே கைவாள், தண்டைச் சுற்றி இடுப்போடு மாட்டும் குட்டைக் கயிறான லேன்யார்டு எல்லாவற்றோடும் தொங்க வேண்டும். கடையில் மெல்லிய கால்சட்டையோடு இரண்டு நிமிடம் தொங்கிப் பார்த்துவிட்டு வாங்குவது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். ஏனென்றால் சங்கிலிவாள் பாதுகாப்புக் கால்சட்டையின் தடித்த அடுக்குகள் தொடைச் சுற்றளவையே மாற்றிவிடுகின்றன. பதினைந்து நிமிடமாவது தொங்குங்கள். ஆனால் அசையாமல் தொங்காதீர்கள். கால்களை நீட்டி மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, மேலே கை நீட்டி, வேலையில் என்னென்ன செய்வீர்களோ அதையெல்லாம் செய்து பாருங்கள்.

இறங்கியவுடன் உடையை விலக்கித் தோலைப் பாருங்கள். பட்டை அழுந்திய சிவப்புத் தடம் அகலமாகவும் வெளிறியும் இருந்தால் எடை பரவியிருக்கிறது. மெல்லிய கோடாகவும் அடர் சிவப்பாகவும் இருந்தால் பட்டையின் ஓரம் மட்டுமே எடையைத் தாங்கியிருக்கிறது. இந்தத் தடத்தை விடத் தெளிவான சாட்சி வேறில்லை. வலி எங்கே என்று கேட்டால் பலருக்குச் சரியாகச் சொல்ல வராது, தடம் சொல்லிவிடும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பாக, பக்கிளைத் தாண்டித் தொங்கும் வார் நுனியின் நீளத்தை விரலால் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாரின் மேலேயே மையால் கோடு போட வேண்டாம். சில மைகளில் உள்ள கரைப்பான்கள் நைலான், பாலியெஸ்டர் இழைகளைக் கெடுக்கும். ஒரு நேரத்தில் ஒரு வாரை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

இடுப்புப் பட்டை மேலேறி விலாவை அழுத்துகிறது, மூச்சு முட்டுகிறது

மிகவும் பரவலான குறை இது. மேலே சொன்னதுபோல் தொடைப் பட்டை தளர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். தொங்கும்போது தொடைப் பட்டைதான் முதலில் எடையை வாங்க வேண்டும். இடுப்புப் பட்டையின் வேலை உடலை நிமிர்த்திப் பிடிப்பது. ஹார்னஸின் முன்பக்க வளையத்திலிருந்து தொடைக்குப் போகும் வார் நீளமாக இருந்தால், அது இறுகுவதற்குள் இடுப்புப் பட்டை எடை முழுவதையும் வாங்கி மேலே ஏறிவிடுகிறது. முன்வார்களை இருபுறமும் சமமாக, சிறிது சிறிதாகச் சுருக்குங்கள்.

சுருக்கியும் பட்டை மேலேறினால் அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படும். பட்டை அந்த விளிம்புக்குச் சற்று மேலே இருந்து அதைத் தழுவிப் பிடிக்க வேண்டும். கால்சட்டையின் பெல்ட் உயரத்தில் கட்டுவது பலருக்கும் உள்ள பழக்கம். அது மிகத் தாழ்வு. தட்டையான கை பட்டைக்கும் வயிற்றுக்கும் இடையில் நுழைய வேண்டும், மடக்கிய கை நுழையக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்காவிட்டால் அளவே பெரிது. மெத்தையின் இரு முனைகளும் வயிற்றின் முன்னால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் அந்த ஹார்னஸ் உங்களுக்குரியதல்ல. இனி இறுக்குவதற்கு அதில் இடமில்லை. இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருப்பவர்கள், வேலை உடையோடு கட்டியபோது பக்கிள்கள் வாரின் நடுப்பகுதியில் நிற்கும் அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். குளிருக்கு இரண்டு சட்டை போட்டாலும், உடம்பு சற்று இளைத்தாலும் அது ஈடுகொடுக்கும்.

மல்லாந்து கவிழ்வதுபோல் இருக்கிறது, வயிற்றுத் தசை ஓயாமல் இழுக்கிறது

முந்தைய குறையை மிகையாகச் சரிசெய்தவர்களுக்கு இது வரும். தொடை வார் அளவுக்கு மேல் சுருங்கினால் முழங்கால்கள் இடுப்புக்கு மேலே போய், உடல் பின்னால் சாயும். கையை விட்டுத் தொங்கும்போது தொடைகள் ஏறக்குறைய கிடைமட்டமாகவோ, முழங்கால் சற்றுத் தாழ்ந்தோ இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். உடம்பின் மேற்பகுதி நீளமானவர்களுக்கு, வார்கள் சரியாக இருந்தும் சாய்வு தீராமல் இருக்கலாம். அவர்களுடைய புவியீர்ப்பு மையம் இணைப்புப் புள்ளிக்கு மேலே அமைந்துவிடுவதே காரணம். அப்படிப்பட்டவர்கள் இணைப்பு வளையங்கள் சற்று உயரத்தில் அமைந்த ஹார்னஸைத் தேட வேண்டும். முதுகில் மாட்டும் சங்கிலிவாளை மறக்காதீர்கள்: அது தொங்கும்போதும் தொங்காதபோதும் சாய்வு வேறுபடும் என்பதால், இரண்டு நிலையிலும் சோதிக்க வேண்டும்.

இரண்டு இடுப்பெலும்பையும் யாரோ இடுக்கியால் நெரிப்பதுபோல் இருக்கிறது

இதற்கு மெத்தையைக் குறை சொல்வார்கள். நான் முதலில் பிரிட்ஜைத்தான் பார்ப்பேன். பிரிட்ஜ் என்பது ஹார்னஸின் முன்பக்கத்தில் இரு வளையங்களுக்கு இடையே தொங்கும் குட்டைக் கயிறு. அதன் மேல் உருளும் வளையத்தில்தான் ஏறு கயிறு மாட்டப்படுகிறது. எடை ஏறியதும் அது தலைகீழ் வி வடிவத்தில் நிமிர்கிறது. அந்த வடிவத்தின் கோணம் விரிய விரிய, இடுப்பை உள்நோக்கி இழுக்கும் விசை கூடுகிறது.

இதை எண்களாகவே பார்த்துவிடலாம். வளையங்கள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, ஏறுபவரின் எடை 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிரிட்ஜின் மொத்த நீளம் 60 சென்டிமீட்டர் என்றால் உச்சிக் கோணம் 60 பாகை. அப்போது ஒவ்வொரு பக்கமும் உள்நோக்கிய இழுப்பு ஏறக்குறைய 23 கிலோ எடைக்குச் சமம். அதே பிரிட்ஜை 35 சென்டிமீட்டராகச் சுருக்கினால் கோணம் 120 பாகையை நெருங்கும். உள்நோக்கிய இழுப்பு ஏறக்குறைய 67 கிலோவை எட்டும். ஒரு சாண் அளவு சுருக்கியதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு நெரிப்பு. எந்த மெத்தையும் இதற்கு ஈடுகொடுக்காது.

ஆகவே பிரிட்ஜை நீட்டிப் பாருங்கள். ஆனால் எல்லை உண்டு: உட்கார்ந்த நிலையில் முழங்கையைச் சற்று மடக்கியபடியே உங்கள் கயிற்று முடிச்சையோ இறங்குகருவியையோ எட்டிப் பிடிக்க முடிய வேண்டும். எட்டாத கருவி வலியை விட மோசமானது. நீளத்தை மாற்றக்கூடிய பிரிட்ஜ் உள்ள ஹார்னஸை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். ஏறும்போது குறைத்தும், கிளை நுனியில் பக்கவாட்டில் வேலை செய்யும்போது நீட்டியும் வைத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட பிரிட்ஜைத் தவிர வேறு கயிற்றைப் பொருத்தக் கூடாது. அது தேயும் பொருள். உறை பஞ்சுபோல் எழும்பியிருந்தாலோ, ஒரு பகுதி மட்டும் விறைத்தோ தட்டையாகியோ இருந்தாலோ அன்றே மாற்ற வேண்டும்.

லேன்யார்டில் சாயும்போது மட்டும் நெரிக்கிறது என்றால் காரணம் வேறு. பருத்த தண்டைச் சுற்றும்போது லேன்யார்டின் இரு பக்கங்களும் ஏறக்குறைய இணையாக வருகின்றன. மெல்லிய தண்டில் அவை ஒரே இடத்தில் குவிந்து, லேன்யார்டு மாட்டும் ‘டி’ வடிவப் பக்க வளையங்களை (டி-வளையங்களை) உள்நோக்கி இழுக்கின்றன. மெல்லிய தண்டில் லேன்யார்டைச் சற்று நீட்டிப் பின்வாங்கி நில்லுங்கள், கோணம் குறையும். ஹார்னஸின் கையேடு அனுமதித்தால் லேன்யார்டின் இரு முனைகளையும் நடு வளையத்தில் மாட்டலாம். உங்கள் வேலையில் மெல்லிய தண்டுகளே அதிகம் என்றால், பக்க டி-வளையங்கள் இடுப்புப் பட்டையோடு மட்டும் இல்லாமல் தொடைப் பட்டையோடும் இணைந்திருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சாயும் எடையில் ஒரு பங்கு தொடைக்குப் போகும்.

தொடையின் வெளிப்புறம் எரிகிறது, மரத்துப்போகிறது

இதைப் பலர் கால் மரத்துப்போகும் சாதாரண உணர்ச்சி என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே ஒரு தோல் நரம்பு தொடைக்கு இறங்குகிறது. அந்த இடத்தைப் பட்டையின் ஓரமோ, பக்கிளோ, கால்சட்டையின் உள்ளே கட்டிய தோல் பெல்ட்டோ தொடர்ந்து அழுத்தினால் தொடையின் வெளிப்பக்கம் எரிச்சலும் மதமதப்பும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் வரும். மருத்துவர்கள் இதை மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்கிறார்கள். அந்த நரம்பு உணர்ச்சியை மட்டுமே கடத்துவது. ஆகவே காலின் பலம் குறையாது. பலமும் குறைந்தால், அல்லது மதமதப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கினால், அது ஹார்னஸோடு முடியும் செய்தியல்ல, மருத்துவரிடம் போங்கள்.

முதலில் உள்ளே கட்டிய பெல்ட்டைக் கழற்றுங்கள். சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் உள்ள சாவி, கைபேசி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு இடுப்புப் பட்டையைச் சற்று உயர்த்திக் கட்டி, பக்கிள் எலும்பு முனைக்கு நேராக வராமல் பாருங்கள். அதன் பின்னும் எரிச்சல் வந்தால் பட்டையின் முன்பகுதி உங்கள் எலும்பு அமைப்புக்கு அகலம் அதிகம். பின்னால் அகன்று முன்னால் குறுகும் பட்டை வேண்டும். அகலம் கூடினால் வசதி கூடும் என்பது முதுகுக்குப் பொருந்தும். இடுப்பின் முன்மடிப்புக்குப் பொருந்தாது.

தொடை இடுக்கில் வெட்டுகிறது

தொடைப் பட்டை கவட்டை ஒட்டி மேலேறி நிற்கிறது என்று பொருள். பின்பக்கத்தில் தொடைப் பட்டையைத் தூக்கிப் பிடிக்கும் மீள்வார்கள் இருக்கின்றன. அவை மிகவும் சுருங்கியிருந்தால் பட்டை மேலே இழுபடும். அவற்றைத் தளர்த்தி, பட்டை பின்பக்கத்தில் பிட்டத்தின் அடிமடிப்புக்குச் சற்றுக் கீழே வரும்படி வையுங்கள். நடக்கும்போது கொஞ்சம் தொளதொளப்பாகத் தோன்றும்; உட்கார்ந்தவுடன் சரியான இடத்தில் அமரும். தொடைப் பட்டைக்குள் தட்டையான கை நுழையும் இறுக்கம் போதும்.

பிறப்புறுப்புப் பகுதியில் மரத்துப்போனால் காத்திருக்க வேண்டாம். உடனே இறங்கி, அந்த அமைப்பை மாற்றாமல் மறுபடி ஏறாதீர்கள். அங்குள்ள நரம்பு அழுத்தம் நாள்பட்டால் எளிதில் ஆறாது. பெண்கள் பலருக்கு இடுப்பெலும்பு அகன்றும் இடுப்புக்கும் கவட்டுக்கும் உள்ள தூரம் வேறுபட்டும் இருப்பதால், அந்தத் தூரத்தை மாற்ற முடியாத ஹார்னஸில் இந்தக் குறையைத் தீர்க்கவே முடியாமல் போகிறது. அவர்கள் முன்வாரும் பின்வாரும் தனித்தனியே மாற்றத்தக்கவையா என்பதை வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டும்.

தொடையின் அடிப்பக்கம் நசுங்குகிறது, பாதம் மரத்துப்போகிறது

பட்டை குறுகலாக இருக்கிறது, அல்லது மெத்தை உயிரிழந்துவிட்டது. மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். பள்ளம் உடனே எழும்பாமல் அப்படியே நின்றால் அதன் காலம் முடிந்தது. புதிதாக வாங்கிய காலத்தில் வலிக்காத ஹார்னஸ் இப்போது இரண்டாவது மணி நேரத்திலேயே வலிக்கிறது என்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுவே.

ஒரே மரத்தில் நெடுநேரம் தொங்கிக் கிளை கழிப்பவர்களுக்கு இருக்கைப் பலகை உள்ள ஹார்னஸ் பெரும் ஆறுதல். பலகை இரு பட்டைகளையும் அகற்றிப் பிடிப்பதால் தொடைகள் ஒன்றோடொன்று நெருக்கப்படுவதில்லை. ஆனால் கிளைக்குக் கிளை நடந்து தாவும் வேலையில் அது காலில் இடறும். ஒரு மரத்தில் ஏறி இறங்கி அடுத்த மரத்துக்கு ஓடுபவருக்கும் பாரம். முள்பாதணி மாட்டி மரத்தை வெட்டி இறக்குபவருடைய தேவை இதற்கு நேர்மாறு. அவர் பாதத்தில் நின்று லேன்யார்டில் சாய்கிறார். தொடைப் பட்டையில் எடை அதிகம் விழுவதில்லை. அவருக்கு அகன்ற, விறைப்பான முதுகுப் பட்டையே முக்கியம். உங்கள் வாரத்தில் எந்த வேலை அதிகம் என்று எண்ணிப் பார்த்த பிறகே ஹார்னஸைத் தேர்ந்தெடுங்கள். எல்லா வேலைக்கும் பொருந்தும் ஒன்றை நான் இதுவரை அணிந்ததில்லை.

பாதம் மரத்துப்போவதோடு தலைசுற்றல், குமட்டல், வியர்வை சேர்ந்து வந்தால் அது வசதிக் குறை அல்ல, அவசரம். அசையாமல் தொங்கும்போது கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். கால்களை ஏதாவதொன்றில் ஊன்றி அழுத்துங்கள், துணையாளைக் கூப்பிடுங்கள், இறங்குங்கள். மீட்கத் தெரிந்த இன்னொருவர் தரையில் இல்லாமல் மரமேறவே கூடாது.

கீழ்முதுகு மாலையில் கடுக்கிறது

காரணம் பெரும்பாலும் தொங்கும் பாரம். கைவாள், காராபினர்கள் எனப்படும் உலோகக் கொக்கி வளையங்கள், கப்பிகள், சங்கிலிவாள் ஆகிய எல்லாம் ஒரே பக்கத்தில் தொங்கினால் முதுகு நாள் முழுவதும் மறுபக்கம் சாய்ந்து சமன் செய்கிறது. பாரத்தை இருபுறமும் பிரியுங்கள். அந்த மரத்துக்குத் தேவைப்படாததைத் தரையிலேயே விட்டுவிடுங்கள். இடுப்பு ஒல்லியாக உள்ளவர்களுக்குப் பட்டை வழுக்கி இறங்கும். தோள்வார் மாட்டினால் ஹார்னஸின் பாரம் தோளுக்குப் போகும். ஆனால் தோள்வார் மாட்டியதாலேயே அது முழுவுடல் ஹார்னஸ் ஆகிவிடாது.

வலி தீரவில்லை, புதிதாக வாங்குவதே வழி என்றால்

உள்ளே தைத்திருக்கும் முத்திரைச் சீட்டைப் படியுங்கள். ஐரோப்பியத் தரங்களில் இ.என். 813 உட்காரும் வகை ஹார்னஸுக்கும், இ.என். 358 வேலையிடத்தில் சாய்ந்து நிற்கும் பட்டைக்கும் உரியவை. மரவேலைக்கு இரண்டும் வேண்டும். விழுபவரைத் தடுத்து நிறுத்துவதற்குரிய முழுவுடல் ஹார்னஸின் தரம் இ.என். 361. முதல் இரண்டு மட்டும் உள்ள ஹார்னஸை அணிந்து, கட்டிய புள்ளிக்கு மேலே தொய்ந்த கயிற்றோடு ஏறக் கூடாது. பாறையேற்ற விளையாட்டு ஹார்னஸ்கள் இ.என். 12277 தரத்தைச் சேர்ந்தவை. எடை குறைவு, விலை குறைவு என்று சிலர் அதை மரவேலைக்குக் கொண்டுவருகிறார்கள். பக்க டி-வளையமோ நாள்முழுதும் உட்காரத்தக்க பட்டையோ அதில் இராது.

பழைய ஹார்னஸில் கூடுதல் மெத்தை தைப்பது, வாரைச் சூடான கம்பியால் துளைப்பது, பக்கிளை வேறொன்றால் மாற்றுவது ஆகியவற்றை யார் யோசனை சொன்னாலும் செய்யாதீர்கள். ஒரு தையல் ஊசி சுமைதாங்கும் இழைகளை எத்தனை அறுத்தது என்பதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. தனியே கழற்றி மாட்டும் மெத்தையைத் தயாரிப்பாளரே விற்றால் அதை வாங்கலாம்.

புது ஹார்னஸ் வந்தவுடன் அதைப் பெரிய மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தாழ்ந்த கிளை ஒன்றில், முதலில் சொன்னதுபோலவே தொங்கி, வார் நுனிகளை அளந்து தாளில் எழுதுங்கள். முதல் வாரத்தில் வார்கள் சற்று இளகி, பக்கிளில் படிந்து அமரும். வாரக் கடைசியில் அதே நுனிகளை மறுபடி அளந்து, தாளோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.